கொடுப்பதற்கு ஒரு பக்கம், குளிரூட்டிக்கு ஒரு பக்கம்

குற்றவுணர்வோடு கொடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது தெரியாது. கேட்டால் “ஏதோ முடிந்ததைச் செய்கிறோம்” என்பார்கள். நான் கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள். பேரேட்டில் ஒரு செலவுக்கு எதிரே “ஏதோ முடிந்தது” என்று எழுதி வைத்தால் முதலாளி அன்று மாலையே என் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். தர்மச் செலவுக்கு மட்டும் இந்தச் சலுகை எதற்கு? தொகை தெரியாதவரை மனம் இரண்டு விதமாகவும் ஏமாற்றும். சில நாள் கொடுத்ததைப் பெரிதாகக் காட்டும். சில நாள் எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்று நச்சரிக்கும்.

மாதச் சம்பளத்தில் கொழும்பில் வாழ்ந்துகொண்டு, ஊரில் கஷ்டப்படும் உறவுகளை நினைத்து, ஒரு மசாலாத் தோசைக்குக்கூடத் தன் மனத்திடம் அனுமதி கேட்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோடீஸ்வரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கணக்கு எழுத என்னைப் போல் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

தொகையை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

யாரும் கேட்காத ஒரு நாளில், வயிறு நிறைந்திருக்கும்போது உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். கை நீட்டியவர் முன்னால் நின்றுகொண்டு எடுக்கும் முடிவை நம்ப முடியாது. அழத் தெரிந்தவருக்கு அதிகமும், கேட்கக் கூச்சப்படுபவருக்கு ஒன்றுமில்லாமலும் போய்விடும்.

எவ்வளவு என்பதற்கு எனக்கு வழி காட்டியது முஸ்லிம்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் கட்டாயத் தர்மமான ஸகாத்துக்கு எங்கள் முதலாளி போடும் கணக்கு. கடையிருப்பைப் பெறுமதியிட்டு, வரவேண்டிய பணத்தைச் சேர்த்து, கொடுக்கவேண்டிய கடனைக் கழித்து, அந்தத் தாளை நான்தான் நோன்பு மாதத்துக்கு முன் தயார்செய்து கொடுக்கிறேன். கணக்கு எழுதுபவளுக்குப் பிடித்துப்போகும் விதிகள் அவை. கையிலுள்ள செல்வம் ஒரு கீழெல்லையை எட்ட வேண்டும்; தங்கத்தில் கணக்கிட்டால் அது 85 கிராம். ஒரு சந்திர ஆண்டு அது கையில் இருந்திருக்க வேண்டும். பிறகு இரண்டரை வீதம். குடியிருக்கும் வீடு, உடுத்தும் உடுப்பு, வீட்டுத் தளபாடம் எதுவும் கணக்கில் வராது. மனிதன் ஓரளவு வசதியாக வாழ வேண்டும் என்பதை அந்த விதியே ஒப்புக்கொண்டு, அதை ஒதுக்கிவைத்த பிறகுதான் மிகுதியைத் தொடுகிறது. எங்கள் மாடியில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம் வருமானத்தில் பத்தில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை உறையில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகப் பிரியாணி சமைக்கிறது. எங்கள் சைவப் பக்கத்தில் மட்டும் வீதம் சொல்லிவைக்கவில்லை. அதனாலோ என்னவோ உறுத்தலுக்கும் எல்லை கிடையாது.

ஆனால் நம்மிடம் பிடியரிசி இருந்தது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் சேர்ப்பார்கள். நிறைந்ததும் அது கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகும். சமைத்து மிஞ்சிய சோற்றிலிருந்து அள்ளுவதில்லை, முதலிலேயே எடுத்துவிடுவது. “தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்” என்ற பழமொழியும் நம்முடையதுதான். இரண்டும் முட்டிக்கொள்வது போலத் தெரியும். என் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. சிறிய, நிலையான தொகை சம்பள நாளிலேயே போய்விடும். பெரிதாக ஏதும் செய்வதென்றால் போனஸ் வந்த மாதத்தில், மிஞ்சியதிலிருந்து மட்டும் செய்வேன்.

அந்த நிலையான தொகை எனக்கு ஏழு வீதம். கைக்கு வரும் சம்பளம் 140,000 ரூபா; ஏழு வீதம் 9,800; வட்டமாகப் பத்தாயிரம். அதில் 5,000 ஒரே ஓர் இடத்துக்கு, 3,000 ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு, 2,000 தெருவில் கேட்பவர்களுக்கு. உங்களுக்கு மூன்று வீதமாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம். நகை அடகில் கிடந்தாலோ கடன் அட்டையில் வட்டி ஓடிக்கொண்டிருந்தாலோ பிடியரிசி அளவோடு நிறுத்திக்கொண்டு முதலில் கடனை அடையுங்கள். வட்டி கட்டிக்கொண்டே அன்னதானம் செய்தால், அந்தத் தானத்தில் பாதி அடகுக்கடைக்குத்தான் போகிறது.

மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பும் அந்த வரிசையில் முன்னால் வரும். அதைச் சுயநலம் என்று நினைப்பவர்கள் 2022இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப்பார்க்கட்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. மாதா மாதம் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்களே எரிவாயு வரிசையில் நின்றபடி கைமாற்றுக் கேட்டன.

சுகத்துக்கும் பெயர் எழுதுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. தர்மத்தைக் குறித்துவைக்கும் ஓரிருவர்கூடச் சுகத்தைக் குறிப்பதில்லை. அது களவாக வந்து களவாகப் போகிறது. என் புத்தகத்தில் எதிர்ப்பக்கம் சுகத்துக்குரியது. வெள்ளவத்தை ரயில் நிலையத்திலிருந்து இரவில் வீட்டுக்கு முச்சக்கரவண்டி. ஞாயிறு காலை காலி வீதியில் தோசையும் கோப்பியும். வெக்கை தாங்காத மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் இரவில் குளிரூட்டி. மாதம் ஒரு புத்தகம். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை உண்டு. எழுதிவைத்த பிறகு அது ஒதுக்கீடு. ஒதுக்கீட்டைச் செலவழிப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இல்லாமல் போனால் உடம்பு உணருமா என்று பாருங்கள். நாளெல்லாம் இலக்கங்களைப் பார்த்த கண்ணோடு மழை இரவில் உடைந்த நடைபாதையில் நடப்பதை என் முழங்கால் உணரும், முச்சக்கரவண்டி இருக்கட்டும். பார்க்காத அலைவரிசைகளுக்குக் கட்டும் மாதச் சந்தாவை நிறுத்தினால் எந்த உறுப்பும் கேள்வி கேட்காது. விடுவதென்றால் அப்படிப்பட்டதிலிருந்து தொடங்குங்கள். விட்டுக்கொடுப்பது வலித்தால்தான் செல்லும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குளிரூட்டி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டினால் அலகின் விலையும் நிலையான கட்டணமும் மேல் படிக்குப் போய்விடும். விடிய விடிய ஓடவிடாமல், உறக்கம் பிடித்த பின் தானாக நிற்கும்படி நேரத்தை வைத்துவிட்டு மின்விசிறிக்கு மாறுங்கள். மிச்சமாகும் பணத்தைத் தர்மத்தில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

இனி, மாற்றுக் கணக்கு. நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தார். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. கொழும்பில் என் கைக்கு வரும் ஒவ்வொரு பில்லையும் மனம் தானாகவே தோட்டக் கணக்கில் பெயர்த்துவிடும். ஒரு நாட்சம்பளத்தைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம். இது அரைப்பேர், இது ஒரு பேர், இது ஒரு கிழமை மலையேறிய காசு. வன்னியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்தவர்களுக்கு அவரவர் அளவுகோல் இருக்கும். இந்தப் பெயர்ப்பு அன்பினால் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கும் ஒரு சதத்தைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நான் சாப்பிடாமல் விட்ட தோசை ஹட்டனுக்குப் போகாது; அந்தப் பணம் பையில் கிடந்து அடுத்த கிழமை வேறெதிலோ கரையும். தோட்டத்துச் சம்பளம் உயர்வது சம்பள நிர்ணய சபையிலும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையிலும். அதற்கும் என் காலையுணவுக்கும் தொடர்பு கிடையாது.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி இது. ஒரு சுகத்தைக் குற்றவுணர்வால் விடுவதென்றால், அங்கேயே கைத்தொலைபேசியை எடுத்து அதே தொகையை உரியவர் கணக்குக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்ப மனம் வரவில்லையென்றால் தோசையைச் சூடு ஆறுமுன் சாப்பிட்டுவிட வேண்டும். விட்டும் அனுப்பாமலிருந்தால் அது வெறும் விரதம். விரதத்துக்குத்தான் கந்தசஷ்டி இருக்கிறதே.

முதலில் சம்பளம், பிறகு தர்மம்

தர்மப் பக்கத்தில் எழுதத் தொடங்கும் முன், நீங்கள் யாருக்கு முதலாளி என்று பாருங்கள். எனக்குக் கடையில் ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதி உண்டு. என் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதத்தையும் முதலாளியே கட்டுகிறார். எங்கள் வீட்டு வேலைக்கு வனாத்தமுல்லையிலிருந்து வரும் அக்காவுக்கு இதெல்லாம் யார் கட்டுவது? அவர் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, பன்னிரண்டையும் மூன்றையும் சேர்த்து அவருடைய சம்பளத்தில் 15 வீதத்தை மேலதிகமாக அதில் போடுகிறேன். இது சம்பளப் பக்கத்தில் எழுதப்படும். தீபாவளிச் சேலையைக் காட்டி இதிலிருந்து தப்ப முடியாது.

நடைபாதையில் கீரை விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாவுக்குப் பேரம் பேசி வென்று, அந்தப் பத்து ரூபாவைக் கோயில் உண்டியலில் போடுபவர்களை வெள்ளவத்தையில் எந்த வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம். பேரத்தை விடுங்கள், உண்டியல் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

கை நீட்டுபவர்கள்

மாதத் தொடக்கத்தில் 2,000 ரூபாவை நூறு ரூபாத் தாள்களாக மாற்றிப் பையின் வெளி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். 100ஆம் இலக்க பஸ்ஸில் மருத்துவக் கடிதத்தை உயர்த்திக் காட்டுபவர், கரையோர ரயிலில் பாடிக்கொண்டு வரும் பார்வையற்றவர், பம்பலப்பிட்டிச் சந்தியில் ஊதுபத்தியோடு நிற்பவர், யாராயிருந்தாலும் அந்த அறையிலிருந்து. உண்மையா பொய்யா என்று விசாரிக்க வேண்டாம். வெசாக் பண்டிகையில் இலவச உணவு கொடுக்கும் தன்சல் வரிசையில் நிற்பவரிடம் யாரும் வருமானம் கேட்பதில்லை. ஆடிவேல் காலத்தில் தண்ணீர்ப்பந்தல் போடுபவர்களும் தாகத்துக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. தாள்கள் தீரும்வரை கொடுங்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான், பணப்பையின் உள்ளறைக்குக் கை போகக் கூடாது.

தீர்ந்த பிறகு சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருங்கள். “இந்த மாதம் முடிந்துவிட்டது, ஐயா.” முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சில்லறை இல்லை என்ற பொய்யும், தொலைபேசியில் பேசுவது போன்ற நடிப்பும் வேண்டாம். இரவில் வந்து உறுத்துவது பெரும்பாலும் அந்த நடிப்புத்தான்.

பிள்ளைகள் இதற்கு விலக்கு. சமிக்ஞை விளக்கருகே வெயிலில் குழந்தையைக் காட்டிக் கேட்டால் நான் பணம் கொடுப்பதில்லை. வசூல் வந்தால் மறுநாளும் அந்தக் குழந்தைக்கு அதே வெயில்தான். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்.

வட்ஸ்அப்பில் வரும் சத்திரசிகிச்சை வேண்டுகோள்களுக்கு இரண்டே கேள்விகள் போதும். அனுப்பியவருக்கு நோயாளியை நேரில் தெரியுமா? பணத்தை வைத்தியசாலைக் கணக்குக்கே கட்ட முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் கொடுக்காத வேண்டுகோளை மற்றவர்களுக்கு அனுப்பிப் புண்ணியம் தேடவும் வேண்டாம்.

அந்த ஐயாயிரம்

நிலையான தொகையின் பெரும்பகுதியை ஒரே இடத்துக்குக் கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அந்த இடத்தை நீங்கள் அறிந்துகொள்ளலாம், அவர்களும் உங்கள் பணத்தை நம்பித் திட்டமிடலாம். ஐந்நூறு ஐந்நூறாகப் பத்து இடத்துக்குக் கொடுப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், வேலைக்கு உதவாது. தேர்ந்தெடுக்கும் முன் பதிவைப் பாருங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் இருக்கிறது. பதிவு இலக்கத்தையும் கடந்த ஆண்டுக் கணக்கறிக்கையையும் கேளுங்கள். கணக்குக் கேட்டதற்கு முகம் சுளிப்பவர்களுக்கு என் பணம் போகாது. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரி கட்டுபவர்களுக்கு இன்னொரு செய்தி. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்ததை ஆண்டுக்கு 75,000 ரூபா, அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, இவற்றில் எது குறைவோ அதுவரை கழித்துக்கொள்ளலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்பாவின் திவசத்துக்கு முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பதென்றால், திகதியை அவர்களிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள். அதே நாளில் வேறு யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருக்கக்கூடும். அப்பா இரண்டு நாள் தள்ளிப்போனதற்குக் கோபிக்க மாட்டார்.

உறவுகள்

தெருவும் நிறுவனங்களும் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. உறவுகளுக்கு உங்கள் சம்பளம் தெரியாது; ஆனால் கொழும்பு என்ற பெயர் தெரியும்.

மாதத் தொகையை ஒரே காரியத்துக்குக் கட்டிப்போடுங்கள். நான் அண்ணன் மகளின் படிப்பை எடுத்துக்கொண்டேன். திருமணம், வீட்டுக் கூரை, முச்சக்கரவண்டிக்கு முற்பணம் எல்லாம் நியாயமான தேவைகள்தான். அவை என் பக்கத்தில் இல்லை. “நான் படிப்புக்கு இருக்கிறேன்” என்று ஒருமுறை எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டால், மற்றவற்றுக்கு மறுப்பது ஆளை மறுப்பதாக இருக்காது. கடன் என்று கேட்டு வந்தால், திரும்பி வராது என்று வைத்துக்கொண்டு, வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். அதைப் புத்தகத்தில் நன்கொடை என்றே எழுதுங்கள். திரும்பி வந்தால் அது எதிர்பாராத வரவு.

இன்னொன்று: சுகத்தை ஒளிக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அத்தை ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: “உனக்கென்ன மகள், குளிரறையில் தூங்குகிறாய்.” நான் சொன்னேன்: “ஆமாம் அத்தை, வெயில் காலத்தில் நன்றாகத் தூக்கம் வருகிறது. பிள்ளையின் வகுப்புக் காசு ஐந்தாம் திகதி வந்துவிடும்.” அத்தைக்கு அதற்குமேல் பிடி கிடைக்கவில்லை. தேநீர் ஊற்றப் போய்விட்டார்.

இவ்வளவு செய்த பிறகும் உறுத்தல் வரும். வந்தால் அதனிடம் பெயரும் தொகையும் கேளுங்கள். “அக்காவுக்குப் போன மாதச் சம்பளத்தில் ஒரு நாள் விடுபட்டுவிட்டது” என்று சொன்னால் அது கடன், அன்றே கட்டுங்கள். “உலகில் எத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னால், சித்திரைப் புத்தாண்டில் வீதத்தை மறுபரிசீலனை செய்யும்போது வரச் சொல்லுங்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்த ஏழு வீதத்தைத் திறந்து பார்க்கிறேன்.

காசு கேட்காத கொடை

கொழும்பில் சிங்களம் பேசவும் வாசிக்கவும் தெரிந்த தமிழரிடம் பணத்தைவிடப் பெறுமதியான ஒன்று இருக்கிறது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும் தேசிய வைத்தியசாலைக்கும் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிகிச்சை இலவசம். ஆனால் எந்த அறை, எந்த வரிசை, அடுத்த கிளினிக் எப்போது, மாத்திரையை எப்படி எடுப்பது என்று கேட்டு அறிய மொழி வேண்டும். ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஒரு காலைப்பொழுது கூடப் போங்கள். மருத்துவர் சொன்னதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தாள் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டப்படும்.

இரத்தம் கொடுக்கலாம். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த வங்கி இருக்கிறது. வயது 18க்கும் 60க்கும் இடையில் இருந்து, முன்னர் கொடுத்து நான்கு மாதம் கடந்திருந்தால், அடையாள அட்டையோடு போகலாம். கண்ணை எழுதிவைக்கலாம், வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் கொழும்பில்தான் இருக்கிறது. ஆனால் ஓய்வு நாள் அத்தனையையும் இப்படிக் கொடுத்துவிட வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். மற்றச் சனிக்கிழமைகளில் துணி துவையுங்கள், தூங்குங்கள்.

புயல் வந்த மாதம்

பேரிடர் வரும்போது மேலே சொன்ன வீதங்கள் எல்லாம் ஆடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்கள் மூழ்கின. மலையகத்தில் மண் சரிந்தது. அந்த மாதம் சுகப் பக்கத்தில் கை வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞாயிறு தோசையும் புத்தகமும் அப்படியே தர்மப் பக்கத்துக்கு மாறலாம். வாடகை, அம்மாவின் மருந்து, அக்காவின் 15 வீதம் மூன்றையும் தொடாதீர்கள்.

பழைய உடுப்பு மூட்டையை அனுப்பாதீர்கள். முதல் கிழமையில் எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள்; பிரித்து அடுக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஒதுக்கும் பணத்தில் பாதியை உடனே, சமைத்த உணவுக்கும் குடிநீருக்கும் கொடுங்கள். மறுபாதியைப் பிடித்துவையுங்கள். முகாம் கலைந்து, செய்தியாளர்கள் போன பிறகுதான் கொப்பி, பாடசாலைச் சப்பாத்து, அடுப்பு, வாடகை முற்பணம் என்று செலவு தொடங்கும். அந்தப் பாதி கையில் இருக்கும்வரை, கொடுக்காமல் வைத்திருக்கிறோமே என்று உறுத்தும். அதைச் சம்பளக் கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாற்றி, எந்த மாதம் யாருக்கு என்று புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.